அணைக்கரையில் ஐந்து நிமிடம்

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, பேருந்து நிலையத்தின் மூன்றாம் நடைமேடை ஓரத்து அறை ஜன்னலுக்குள் ஒரு கை நுழைந்தது. கையில் நான்காக மடித்த தாள் ஒன்று. கைக்குப் பின்னால் டிரைவிங் மாஸ்டர் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார்.

"என் வீட்டுல ஒருத்தர் பொய் சொல்றாங்க. யாருன்னு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள தெரியணும். தெரியலைன்னா நாளைக்கு மலையும் கிடையாது, மண்ணும் கிடையாது."

"ஒரு நிமிஷம்," என்றார் உள்ளே உட்கார்ந்திருந்த அம்மாள்.

எதற்கெடுத்தாலும் இப்படி ஒரு நிமிஷம் கேட்பதால்தான் அவருக்கு நிமிஷக்கா என்று பெயர். நிலையத்தின் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்பும், எங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்று அட்டவணை போடுகிறவரும் அவர்தான், போட்டபடி நடக்கிறதா என்று பார்க்கிறவரும் அவர்தான். இருபத்தாறு வருஷமாக எண்களோடு குடித்தனம் நடத்தியதில், ஒரு தாளைப் பார்த்தே அதை எழுதியவரின் குணத்தைச் சொல்லிவிடுவார். ஓய்வறையில் காணாமல் போன மோதிரம், ஆள் மாறிப்போன பெட்டி என்று நாலைந்து சிக்கல்களை உட்கார்ந்த இடத்திலேயே அவிழ்த்திருக்கிறார். ஆகவே அந்த வட்டாரத்தில் யாருக்கு மண்டை காய்ந்தாலும் இந்த ஜன்னலுக்குத்தான் வருவார்கள்.

எதிரே ஸ்டூலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் டிக்கெட் செக்கர். நிமிஷக்கா துப்புத் துலக்கக் கிளம்பினால் கூடவே ஓடுவார். பல சமயம் அவருக்கு முன்னாலேயே ஓடிவிடுவார், அதுதான் தொல்லை.

"பொய்தானா மாஸ்டர்? நீங்க வந்த வேகத்தைப் பார்த்து நான் கொலைன்னு நினைச்சேன்."

"வாயைக் கழுவுங்க தம்பி," என்றார் நிமிஷக்கா. "மாஸ்டர், நீங்க உள்ளே வந்து உட்கார்ந்து சொல்லுங்க."

மாஸ்டர் உள்ளே வந்தார், உட்காரவில்லை. பதினைந்து வருஷத்தில் அவருடைய டிரைவிங் ஸ்கூலுக்கு விட்ட முதல் விடுமுறை நாளைக்குத்தான். குடும்பத்தோடு காரில் மலைக்குப் போய் ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். மூன்று வாரமாகத் திட்டம் போட்டிருக்கிறார். பெட்ரோல் எங்கே, டீ எங்கே, கழிப்பறை எங்கே என்பது வரைக்கும் விசாரித்து, அழகாகப் பென்சிலால் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். வீட்டில் அந்தத் தாள்தான் சட்டம். இன்று காலை பால் எடுக்கப் போனபோது பார்த்தால், ராத்திரியோடு ராத்திரியாக யாரோ ரப்பரால் அழித்துத் திருத்தியிருக்கிறார்கள்.

"என்னோட கையெழுத்து மாதிரியே போட்டிருக்காங்க. வெறும் எண்கள்தானே, யார் வேணும்னாலும் போடலாம். நல்லவேளை, பழைய திட்டம் என் பாக்கெட் நோட்டுல இருக்கு. ரெண்டையும் பாருங்க."

நிமிஷக்கா இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். செக்கர் கழுத்தை நீட்டினார்.

மாஸ்டரின் நோட்டுப்படி, காலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்து புறப்பாடு. ஏழரைக்கு அடிவாரம். அப்புறம் காட்சி முனையில் அரை மணி, அருவியில் ஒரு மணி, உச்சிக் கோபுரத்தில் சாப்பாட்டோடு ஒன்றரை மணி. மலையின் மறுபக்கம் இறங்கினால் மூன்று மணிக்கு அணைக்கரைச் சாலை. தண்ணீரை ஒட்டியே போகும் பதினாலு கிலோமீட்டர், இருபது நிமிடம். மூன்று இருபதுக்குக் கரை முடிந்து, ஐந்தரைக்கு வீடு.

திருத்திய தாளில் புறப்பாடு ஐந்து இருபத்தைந்து. அதற்குப் பின் வரும் நேரங்களெல்லாம் அதே கணக்கில் முன்னால் நகர்ந்திருந்தன. இரண்டு இருபத்தைந்துக்கு அணைக்கரையின் தொடக்கம், அங்கே ஐந்து நிமிடம் நிறுத்தம். பிறகு கரைச் சாலைக்கு நாற்பத்தைந்து நிமிடம். கரை முடிகிற இடத்தில் இன்னொரு ஐந்து நிமிடம் நிறுத்தம். மூன்று இருபதுக்கு அங்கிருந்து கிளம்பி, ஐந்தரைக்கு வீடு.

"பதினாலு கிலோமீட்டர், அக்கா. வளைவு இல்லை, மேடு இல்லை. அதுக்கு நாற்பத்தஞ்சு நிமிஷமாம். நான் என்ன மாட்டு வண்டியா ஓட்டறேன்? ரெண்டாயிரம் பேருக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தவனை வீட்டுக்குள்ளயே கிண்டல் பண்றாங்க. சரி, கிண்டல் பண்ணட்டும். நான்தான் பண்ணினேன்னு சொல்லலாமில்ல? பொய் சொல்ற ஆளைக் கூட்டிட்டு நான் மலை ஏற மாட்டேன்."

"கரை தொடங்கற இடத்துல என்ன இருக்கு மாஸ்டர்?"

"ஒரு கிலோமீட்டர் கல்லு."

"முடியற இடத்துல?"

"இன்னொரு கல்லு. டீக்கடை, வியூ பாயிண்ட் எதுவும் கிடையாது. அங்க போய் எதுக்கு அஞ்சு நிமிஷம் நிக்கணும்?"

நிமிஷக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது நடந்தால் விஷயம் சூடு பிடிக்கிறது என்று செக்கருக்குத் தெரியும். ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"வீட்டுல யார் யார்?"

"நான், வீட்டுக்காரி, பொண்ணு, எங்க அண்ணன்."

"கேட்டப்போ ஒவ்வொருத்தரும் என்ன சொன்னாங்க? அவங்க சொன்ன வார்த்தையிலயே சொல்லுங்க."

மாஸ்டர் யோசித்தார். "பொண்ணு, 'நான் அதைத் தொடவே இல்லைப்பா'ன்னா. அண்ணன், 'நான் இல்லடா'ன்னார். வீட்டுக்காரி, 'தலைக்கு மேல வேலை கிடக்கு, இதையெல்லாம் எங்கிட்ட வந்து கேட்காதீங்க'ன்னா."

"வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்க வேற யாராவது?"

"யாரும் இல்லை. பொண்ணுக்குப் பதினேழுதான் ஆகுது. அண்ணன் சைக்கிள்ல ஏறவே பயப்படுவார். வீட்டுக்காரிக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு நாள் சொல்லிக் கொடுத்தேன். மூணாம் நாள் வரமாட்டேன்னுட்டா. விட்டுட்டேன்."

"சரி, மூணு மணிக்கு எனக்கு ஷிப்ட் முடியுது. நாலு மணிக்கு வீட்டுக்கு வர்றோம்."

அவர் போனதும் செக்கர் துள்ளி எழுந்தார். "அண்ணன்தான் அக்கா. பயந்தாங்கொள்ளி. வேகமாப் போனா அவருக்கு உயிர் போகும். அதான் நாற்பத்தஞ்சு நிமிஷம் போட்டுட்டார். கேஸ் முடிஞ்சுது."

"பயந்தாங்கொள்ளி மலை வளைவுல வேகத்தைக் குறைக்காம, சமதளத்துலயா குறைப்பான்?"

செக்கர் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

மாஸ்டர் வீடு அவர் ஸ்கூலுக்கு மேல் மாடி. கீழே சாலைக் குறியீடுகள் வரைந்த பலகையும் பாதி அறுத்து வைத்த பழைய என்ஜினும் கிடந்தன. படியேறும்போதே மேலே திருவிழாக் கூட்டம் போலச் சத்தம் கேட்டது. நாளைக்கு மலை உண்டா இல்லையா என்று தெரியாத நிலையிலும் ஆசை யாரை விட்டது? மூட்டைகள் கட்டி வாசல் அருகே வரிசையாக வைத்திருந்தார்கள். தோழியிடம் இரவல் வாங்கிய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எதைப் பார்த்தாலும் படம் எடுத்துக்கொண்டிருந்தாள் மகள். புத்தக பைண்டிங் வேலை செய்யும் மாஸ்டரின் அண்ணன், வாந்தி வராமலிருக்க வாங்கிய மாத்திரைகளை மூன்றாவது முறையாக எண்ணிக்கொண்டிருந்தார்.

வாசலில் செருப்பு ஸ்டாண்ட். செக்கர் அதைக் கண்டதும் குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"சேறு எதுலயும் இல்லையே அக்கா," என்றார் ஏமாற்றத்தோடு.

"தாளைத் திருத்தினது சமையலறையில தம்பி. அங்க ஏது சேறு?" என்ற நிமிஷக்காவும் குனிந்தார். ஆனால் அவர் எடுத்தது மாஸ்டரின் பெரிய செருப்பை. அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு வைத்தார். அடுத்து, பக்கத்திலிருந்த ஒரு ஜோடி சின்ன கேன்வாஸ் ஷூவைத் திருப்பினார். இடது ஷூவின் அடியில் வரிகள் கடையில் வாங்கிய அன்று போலவே இருந்தன. வலது ஷூவில் குதிகாலின் பின் ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தது.

"இது யாரோடதும்மா?"

"அம்மாவோடது ஆன்ட்டி. ரெண்டு மாசமா காலையில வாக்கிங் போறாங்க."

"ரெண்டு மாசமா நடக்கறா, அரைக் கிலோ இறங்கலை," என்றார் அண்ணன். மகள் சிரித்தாள். உள்ளேயிருந்து மாஸ்டரின் மனைவி, "காது கேட்குது எனக்கு," என்று குரல் கொடுத்தபடி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வந்தவர் நிமிஷக்காவின் கையிலிருந்த ஷூவைப் பார்த்தார். துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

நிமிஷக்கா ஷூவை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றார்.

ஐந்து மணிக்கு எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் மட்டும் நீதிபதி மாதிரி ஜன்னலோரம் நின்றார். திருத்திய தாள் நடு மேசையில் இருந்தது.

"அப்பா, நான் ஒண்ணு சொல்லவா," என்று மகள் ஆரம்பித்தாள். "யார் பண்ணினா என்ன, போயிட்டு வந்து சண்டை போடலாமே."

"முடியாது. முதல்ல ஆள் தெரியணும்."

"ஒரு நிமிஷம்," என்றார் நிமிஷக்கா. "மாஸ்டர், உங்களைக் கிண்டல் பண்ண யாராவது இதைச் செஞ்சிருந்தா, புறப்படற நேரத்தை அஞ்சரைன்னு போட்டிருப்பாங்க. இல்லைன்னா அஞ்சுன்னு போட்டிருப்பாங்க. இந்த ஆள் அஞ்சு இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கார். இப்படி ஒரு எண் சும்மா வராது, கணக்குப் போட்டாத்தான் வரும். கரையில இருபது நிமிஷம் நாற்பத்தஞ்சாச்சு, இருபத்தஞ்சு கூடுதல். ரெண்டு நிறுத்தம், பத்து. ஆக முப்பத்தஞ்சு நிமிஷம் தேவைப்பட்டிருக்கு. அதை எங்கே இருந்து எடுத்தார்? அருவியில ஒரு நிமிஷம் குறையலை. கோபுரத்துல குறையலை. வீடு திரும்பறது அதே அஞ்சரை. மத்தவங்க சந்தோஷத்துல கை வைக்காம, காலைத் தூக்கத்துல மட்டும் கை வச்சிருக்கார். இது எதிரி செய்யற வேலை இல்லை. ரொம்ப வேண்டியவங்க செஞ்சது."

மாஸ்டரின் முகம் கொஞ்சம் இளகியது. "அப்போ பொண்ணா?"

"பாப்பா, நாளைக்கு எத்தனை அலாரம் வச்சிருக்கே?"

"மூணு. அப்பவும் எழுந்திருப்பேனான்னு தெரியாது," என்றாள் மகள்.

"தூக்கத்தை விட்டுக் கொடுக்கிற ஆள் இவ இல்லை. சரி, உங்க அண்ணன்? ஒரு பக்கம் அவ்வளவு ஆழமான தண்ணி. அந்தக் கரை மேல வண்டியை ரெண்டு தடவை நிறுத்தச் சொல்லி அவரே எழுதுவாரா?"

"செத்தாலும் மாட்டேன்," என்றார் அண்ணன் மிகுந்த நேர்மையோடு.

செக்கருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அப்போ அந்த அஞ்சு நிமிஷம் எதுக்கு அக்கா? பார்க்க ஒண்ணும் இல்லை, சாப்பிட ஒண்ணும் இல்லை. ஏறவும் ஆள் இல்லை, இறங்கவும் ஆள் இல்லை."

"இப்போ சரியாக் கேட்டீங்க தம்பி. நம்ம அட்டவணையில அப்படி ஒரு நிறுத்தம் எங்கே வரும்?"

செக்கர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தபோது குரல் மெலிதாக வந்தது. "டிரைவர் மாத்தற இடத்துல."

நிமிஷக்கா நிதானமாகத் தொடர்ந்தார். "இருபத்தாறு வருஷமா நான் எழுதற விஷயம் அது. ஏற இறங்க ஆள் இல்லாத இடத்துல வண்டி அஞ்சு நிமிஷம் நின்னா, ஒரு டிரைவர் இறங்கறார், இன்னொருத்தர் உட்கார்றார்னு அர்த்தம். கரை தொடங்கற இடத்துல மாஸ்டர் இறங்கறார். முடியற இடத்துல மறுபடி ஏறறார். நடுவுல பதினாலு கிலோமீட்டர் வேற யாரோ ஓட்டறாங்க."

"யாரு? இந்த வீட்டுல யாருக்கு ஓட்டத் தெரியும்?"

"டிரைவருங்க தினமும் என் ஜன்னல்ல வந்துதான் கையெழுத்துப் போடுவாங்க. அவங்க செருப்பை நான் பார்க்காத நாள் இல்லை. வலது குதிகாலைத் தரையில ஊன்றிக்கிட்டு, ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் மாறி மாறித் திருப்புவாங்க. அந்த ஒரு ஓரம் மட்டும் தேயும். உங்க செருப்பும் அப்படித்தான் தேஞ்சிருக்கு மாஸ்டர். நடக்கறவங்களுக்கு ரெண்டு ஷூவும் தேயும், ஒண்ணு மட்டும் தேயாது. உங்க செருப்பு மாதிரியே தேஞ்ச இன்னொரு ஜோடியும் உங்க வாசல்ல இருக்கு. யாரோடதுன்னு நான் சொல்றது நல்லா இருக்காது. காலையில நீங்க கேட்டப்போ, ஒருத்தர் மட்டும் 'நான் இல்லை'ன்னு சொல்லவே இல்லை. அவங்க பொய் சொல்லலை மாஸ்டர், பேச்சை மாத்தினாங்க, அவ்வளவுதான்."

மாஸ்டரின் மனைவி எழுந்தார். உள்ளே போனார். திரும்பி வந்து, தாளுக்குப் பக்கத்தில் ஒரு அட்டையை வைத்தார். புதிய ஓட்டுநர் உரிமம்.

"அம்மா," என்றாள் மகள். கேமராவைத் தூக்கவும் மறந்துவிட்டாள். அண்ணன் கையிலிருந்த மாத்திரைகள் தரையில் உருண்டன.

மாஸ்டர் அட்டையை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். "எப்போ?"

"வாங்கிப் பதினோரு நாள் ஆச்சு."

"எங்கே கத்துக்கிட்டே?"

"மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம், டிரைவிங் சொல்லித் தர்ற அந்த டீச்சரம்மாகிட்ட."

"என் ஸ்கூலை விட்டுட்டு அங்கேயா? அவங்க கிளட்ச்சையே ஒழுங்காச் சொல்லித் தர மாட்டாங்களே."

"கத்தாமச் சொல்லித் தந்தாங்க," என்றார் மனைவி. "உங்க மைதானத்துல ரெண்டாவது நாள், பாதைக்கு அடையாளமா வச்ச டிரம்மை நான் இடிச்சேனே, ஞாபகம் இருக்கா? பத்துப் பேர் முன்னாடி, உனக்கு இது வராதுன்னு சொன்னீங்க. நீங்க அதை மறந்துட்டீங்க. என்னால முடியலை."

மாஸ்டர் அட்டையை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். அண்ணன் குனிந்து மாத்திரை பொறுக்கத் தொடங்கினார், நிமிரும் உத்தேசமே இல்லாமல்.

"நேரடியாக் கேட்டிருக்கலாமே," என்றார் மாஸ்டர் கடைசியில்.

"வாயால சொன்னா நாலு நாள் சண்டை. தாள்ல இருந்தா எதுவும் பேசாம செய்வீங்க. நாளைக்கு அங்க போய் நின்னதும் லைசென்ஸைக் காட்டலாம்னு இருந்தேன். நீங்க எழுதினதை நீங்களே திரும்பப் படிச்சு, நோட்டோட ஒத்துப் பார்ப்பீங்கன்னு நான் நினைக்கலை. முதல் அஞ்சு நிமிஷம் சீட் மாறறதுக்கு இல்லை. அதுக்கு அரை நிமிஷம் போதும். மீதி நாலரை நிமிஷம் நீங்க கத்தி முடிக்க."

செக்கர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

"ஒண்ணு மட்டும்," என்றார் நிமிஷக்கா. "நாற்பத்தஞ்சு நிமிஷம்னா மணிக்குப் பத்தொன்பது கிலோமீட்டர்கூட வரலை. புதுசா ஓட்டறவங்க, பயத்துல மெதுவாப் போவீங்கன்னு நான் எடுத்துக்கிட்டேன். சரிதானே?"

"இல்லைங்க. அது தப்பு," என்றார் மாஸ்டரின் மனைவி. அன்றைக்கு நிமிஷக்காவிடம் தப்பு என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். "அந்த ரோட்டுல எனக்கு இருபது நிமிஷம் போதும். கோயிலுக்குன்னு சொல்லிட்டு, டீச்சரம்மாவோட ரெண்டு நாள் அங்க போய் ஓட்டிப் பார்த்துட்டேன். நாற்பத்தஞ்சு, இவருக்கு."

"எனக்கா?"

"ஆட்களுக்கு மலை ரோடு பழக்கிவிடறேன்னு நூறு தடவைக்கு மேல போயிட்டு வந்துட்டீங்க. ஒரு தடவை, மலை எப்படி இருந்ததுன்னு கேட்டேன். முப்பத்திரண்டு வளைவு, நாலாவதுல எதிர்ல லாரி வரும்னு சொன்னீங்க. அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும். அந்தக் கரையில போகும்போது மலை முழுசும் தண்ணியில தெரியுதுங்க. அடிவாரத்துல இருந்து உச்சி வரைக்கும். நாளைக்கும் நீங்களே ஓட்டினா, உங்க பக்கத்துல உட்கார்ந்து நான் மட்டும் எவ்வளவு பார்க்கறது? நீங்களும் நிதானமாப் பார்க்கணும்னு இருந்துச்சு. நீங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கற வரைக்கும் அது நடக்காது. அதான் நான் கத்துக்கிட்டேன்."

சொல்லி முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. மகள் போய் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நிமிஷக்கா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துலக்க இனி ஒன்றும் இல்லாதபோதும் அவர் துடைத்ததைச் செக்கர் பார்த்தார்.

மாஸ்டர் மேசைக்கு வந்தார். உரிமத்தை மனைவியின் கையில் திருப்பிக் கொடுத்தார். தாளை எடுத்து, திருத்திய எண்களை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை படித்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஸ்கூலில் முதல் நாள் வந்த ஆளைப் போலத் தயக்கத்தோடு கேட்டார்.

"எந்தப் பக்கம் உட்கார்ந்தா நல்லாத் தெரியும்?"

"பின் சீட்டு, இடது பக்கம்," என்றார் மனைவி. "ஜன்னலைக் காலையிலேயே துடைச்சு வச்சுட்டேன்."